பெயிண்டுக்கு முன்னால் காற்று

பழைய மோட்டார் சைக்கிளை மீட்டெடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் டேங்க்கில்தான் முதலில் கை வைக்கிறார்கள். டிங்கரிங், பட்டி, பெயிண்ட், குரோம், ஸ்டிக்கர் என்று வேலை வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் எஞ்சினுக்கு ஒரு பிஸ்டன் செட்டும் புது பிளக்கும் போட்டு உதைத்தால் வண்டி கிளம்பிவிடுகிறது. நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சில வாரம் கழித்து நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பிரித்துப் பார்த்தால் இடப்பக்கப் பிஸ்டனின் தலையில் ஓட்டை. பிஸ்டன் டூப்ளிகேட் என்று கடைக்காரர்மீது பழி விழுகிறது. பல சமயம் பிஸ்டன்மீது எந்தக் குற்றமும் இல்லை. கிராங்கின் இடது முனையில் முப்பது வருடமாக யாரும் தொடாத ஒரு ரப்பர் ஆயில் சீல் காற்றை உள்ளே விட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பாதி வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத காற்று. இரும்பையும் அலுமினியத்தையும் சரிசெய்துவிட்டு காற்று போகும் வழியை விட்டுவிட்டால் அந்த வண்டி இன்னும் மீட்கப்படவில்லை என்றே அர்த்தம். இதை விளக்க ராஜ்தூத் 350ஐ விடப் பொருத்தமான வண்டி நம் நாட்டில் இல்லை.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்தோடு 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டி அது. ஜப்பானில் 1973இல் வெளிவந்த ஆர்.டி. 350தான் அதற்கு மூலம். 64 மில்லிமீட்டர் விட்டமும் 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள், மொத்தம் 347 சி.சி., ஆறு கியர். ஜப்பானிய வண்டி 39 குதிரைத்திறன் தந்தது. இங்கே பெட்ரோல் செலவை நினைத்து அதை 30.5 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் மைலேஜ் போதவில்லை என்று 27 குதிரைத்திறனில் இன்னொரு வகை வந்தது. வண்டியைத் தெரிந்தவர்கள் முன்னதை எச்.டி. என்பார்கள், பின்னதை எல்.டி. என்பார்கள். அதுவரை ராஜ்தூத் என்றால் போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியை ஒட்டிச் செய்த 175 சி.சி. ஒற்றைச் சிலிண்டர்தான். அதே பெயரில் இப்படியொரு வேகம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் சாலையில் வாங்கி ஓட்ட ஆள் குறைவு. 1990 வாக்கில் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று முழு உருவத்தோடு ஒன்று கிடைப்பதே அரிது.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மூச்சுவிடத் தனி உறுப்புகள் உண்டு. வால்வு திறக்கும், காற்று வரும். வால்வு மூடும், வெடிக்கும். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை ஆயில் நிற்கும் இடம் மட்டுமே. டூ-ஸ்ட்ரோக்கில் அந்தக் கிராங்க் அறைதான் பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில் வெற்றிடம் உண்டாகி, கார்பரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்படுகிறது. இறக்கத்தின் கடைசிப் பகுதியில் சிலிண்டர் சுவரிலுள்ள துளைகள் திறக்க, அழுத்தத்தில் இருக்கும் கலவை பக்கவாட்டுக் குழாய்கள் வழியே மேலே பீறிட்டு, எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே உருவாகும் அழுத்தம் மிகக் குறைவு. கிராங்க் அறையிலுள்ள கலவை ஒன்றரை மடங்குகூட நெருக்கப்படுவதில்லை. அவ்வளவு சிறிய அழுத்தத்தில் ஓடுகிற பம்பு என்பதால் சின்னக் கசிவையும் அதனால் தாங்க முடியாது.

இந்த ஏற்பாட்டை 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் டே உருவாக்கினார். அவரிடம் வேலைபார்த்த ஃபிரெடரிக் காக், கலவை உள்ளே வரும் துளையையும் பிஸ்டனின் கீழ்விளிம்பே திறந்து மூடும்படி செய்து வால்வே இல்லாத எஞ்சினாக ஆக்கினார். அடுத்த பெரிய மாற்றம் 1920களில் ஜெர்மனியில் வந்தது. அதுவரை, உள்ளே வரும் கலவை நேராகப் புகைத்துளை வழியே ஓடிவிடாமலிருக்க பிஸ்டன் தலையில் மேடு வைத்து வார்ப்பார்கள். எடை கூடும், சூடும் தேங்கும். அடால்ஃப் ஷ்னூர்லெ துளைகளைச் சாய்த்து, இரண்டு பக்கத்துக் கலவையும் புகைத்துளைக்கு எதிர்ச்சுவரை நோக்கிப் பாய்ந்து மேலே வளைந்து இறங்கும்படி வைத்தார். பிஸ்டன் தலை தட்டையானது. ராஜ்தூத் 350இன் சிலிண்டரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினால் அந்தச் சாய்வை உணரலாம். அதனால்தான் துளையை எமரியால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று கிளம்புபவரை நான் தடுப்பேன். பளபளப்பால் ஒன்றும் பெரிதாகக் கூடாது. கோணம் மாறினால் கலவை போகும் வழி மாறிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இனி அந்த ரப்பர் சீலுக்கு வருவோம். கிராங்கின் இரண்டு முனைகளும் கிராங்க் அறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. இடது முனையில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் பாயிண்டுகளும் இருக்கின்றன. வலது முனையிலிருந்து கிளட்சுக்கு பல்சக்கரம் போகிறது. இரண்டு இடத்திலும் சுழலும் இரும்புத் தண்டைச் சுற்றி ரப்பர் உதடு இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த உதட்டை அழுத்திப் பிடிக்க உள்ளே மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று. வருடக்கணக்கில் சூட்டிலும் பெட்ரோலிலும் இருந்தால் ரப்பரை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் கரைந்து வெளியேறிவிடுகிறது. ஆக்ஸிஜன் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துக் கெட்டியாக்குகிறது. பார்வைக்கு சீல் முழுசாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போலத் தட்டும்.

வலது சீல் போனால் உடனே தெரிந்துவிடும். பிஸ்டன் ஏறும்போது உண்டாகும் வெற்றிடம் கியர் ஆயிலை உறிஞ்ச, சைலன்சரில் வெள்ளைப்புகை அடர்ந்து வரும், கியர் ஆயில் குறையும், பிளக் நனைந்துபோகும். தொல்லைதான், ஆனால் எச்சரிக்கை கிடைக்கிறது. இடது சீல் போனால் புகையே இருக்காது. வெளிக்காற்று உள்ளே நுழையும், கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல. ஆவியாகும்போது அது பிஸ்டனின் அடிப்பக்கத்தைக் குளிர்விக்கிறது. ஆயில் அதில் கலந்திருந்தால் உயவும் அதோடுதான் வருகிறது. அந்த மூன்றும் ஒரே நேரத்தில் குறைந்தால் பிஸ்டன் தலை உருகும் நிலைக்குப் போக அதிக நேரம் ஆகாது. முன்னறிகுறி ஒன்றே ஒன்று: ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க மறுக்கும். அதைப் பார்த்து மெக்கானிக் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகிக் குறைத்துக்கொடுப்பார். நோய்க்கிருந்த ஒரே அடையாளமும் அத்தோடு மறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினை ஓட்டவே வேண்டாம் என்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். கார்பரேட்டர் பொருந்தும் இரண்டு வாய்களையும் சைலன்சர் பொருந்தும் இரண்டு வாய்களையும் ரப்பர் தக்கையால் அடைத்துவிடுகிறார்கள். ஒரு தக்கையில் மட்டும் சின்னக் குழாய். அதன் வழியே சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவுக்குக் காற்றைச் செலுத்த வேண்டும். அதற்கு கம்ப்ரெஸ்ஸர் கூடாது. அழுத்தம் எல்லை மீறினால் நல்ல சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பந்தும் மீட்டரும் இதற்கு அச்சாகப் பொருந்தும். அந்த மீட்டரின் மேல்முனையான 300 என்பது ஏறக்குறைய அதே 6 பவுண்டுதான். பந்தை அழுத்தி, திருகை மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆறு நிமிடம் முள் கிட்டத்தட்ட அசையாமல் நின்றால் எஞ்சின் தேறியது. இறங்கினால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வர வேண்டும். சீல் ஓரம், சிலிண்டர் அடிப் பேக்கிங், ஹெட், பிளக் வாசல், கேஸ் இரண்டும் சேரும் கோடு. எங்கே குமிழி ஊதுகிறதோ அங்கே கசிவு. சில இடத்தில் குமிழி நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும், காத்திருக்கத் தெரிய வேண்டும்.

ராஜ்தூத் 350இல் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கிராங்க் அறை. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். அதனால் ஓர் அறையில் வெற்றிடம் இருக்கும் அதே கணத்தில் அடுத்த அறையில் அழுத்தம். இரண்டுக்கும் நடுவே ரப்பர் சீல் கிடையாது. தண்டின்மேல் நுணுக்கமாக வெட்டிய வளையப் பள்ளங்கள் மட்டும் இருக்கின்றன. காற்று ஒவ்வொரு பள்ளத்திலும் சுழன்று வேகம் இழப்பதால், ஒரு சுழற்சிக்கு ஆகும் நொடிப்பொழுதில் அடுத்த அறைக்குக் கடக்க முடிவதில்லை. உரசலே இல்லாத தடுப்பு என்பதால் தேய்மானமும் இல்லை. ஆனால் மெதுவாகச் செலுத்தும் சோதனைக் காற்றுக்கு நேரம் இருக்கிறது, அது தாராளமாகக் கடந்துவிடும். ஒரு சிலிண்டரை மட்டும் அடைத்துச் சோதிப்பவர் இந்த நடுவழியைக் கசிவு என்று நினைத்துத் தேவையில்லாமல் கிராங்க்கைப் பிரிக்கப் போவார். இரண்டையும் சேர்த்து அடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சீல் மாற்றுவதற்காகக் கேஸைப் பிரிக்கும்போது பலர் ஒரு நிரந்தரச் சேதத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். இந்த எஞ்சினின் கேஸ் மேல்பாதி, கீழ்பாதி என்று கிடைமட்டமாகப் பிரியும். இரண்டும் ஒட்டும் முகத்தில் பேக்கிங் தாள் கிடையாது, திரவ சீலன்ட்தான். பல வருடம் ஒட்டிக்கிடந்த கேஸ் பிரியாவிட்டால் ஸ்குரூடிரைவரை நடுவில் சொருகி நெம்புவார்கள். மெத்தென்ற அலுமினியத்தில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறல் வழியே எஞ்சின் இருக்கும்வரை காற்று போய்வரும். சூடாக்கி, மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டி, ஒளிந்திருக்கும் போல்ட் ஏதும் விட்டுப்போனதா என்று இன்னொரு முறை தேடிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கிராங்க் பகுதிபகுதியாகச் செய்து பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. அதன் பேரிங்கை மாற்றுவது எல்லா லேத் பட்டறையாலும் ஆகிற வேலை இல்லை. சேர்த்தபின் வி-பிளாக்கில் கிடத்தி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆடும் தண்டில் புது சீல் போட்டாலும் உதடு சீக்கிரமே தேய்ந்துவிடும்.

சிலிண்டருக்கு வரும்போது நான் கஞ்சனாக இருக்கச் சொல்வேன். அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு லைனர், அதற்குள் அலுமினியப் பிஸ்டன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. அதனால்தான் பிஸ்டன் சரியான உருளையாக இருப்பதில்லை. சூடு அதிகம் ஏறும் தலைப்பக்கம் சற்று ஒடுங்கியும், குறுக்கே சற்று நீள்வட்டமாகவும் கடையப்பட்டு, ஓடும் சூட்டில்தான் அது உருளையாகிறது. குளிர்ந்த நிலையில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி 0.04 மில்லிமீட்டரை ஒட்டியது. ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. ‘கொஞ்சம் டைட்டாகவே வைக்கிறேன், ஓட ஓட சரியாகிவிடும்’ என்று சிலிண்டரைக் கடைந்து போர் போடுபவர் சொன்னால் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடலாம். போருக்கு முன்பே பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிக் கடைவதில்தான் பல எஞ்சின்கள் வீணாகின. பிஸ்டன் 0.25 மில்லிமீட்டர் படிகளாக 1 மில்லிமீட்டர் வரைதான் பெரிதாகக் கிடைக்கும். மொத்தம் நான்கு போர். அதன்பின் புது லைனர் இறக்க வேண்டும், அதில் துளைகளின் உயரமும் கோணமும் மூலத்தைப் போலவே அமைவது கடினம். சுவரில் வெறும் கோடு மட்டும் விழுந்திருந்தால் ஹோனிங் போதும். ஒரு போரை மிச்சம் பிடிப்பது அந்த வண்டிக்குப் பல வருட ஆயுளைச் சேர்ப்பதாகும்.

கார்பரேட்டருக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே ரீட் வால்வு இருக்கிறது. யமஹா 1970களின் தொடக்கத்தில் சாலை வண்டிகளுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. கூரை வடிவச் சட்டத்தின்மேல் மெல்லிய எஃகு இதழ்கள். உள்ளே வெற்றிடம் உண்டானால் திறக்கும், அழுத்தம் வந்தால் தானே மூடிக்கொள்ளும். நாதஸ்வரத்தின் சீவாளி மூச்சுக்கு இசைந்து திறந்து மூடுவது போலத்தான். இதழ் சட்டத்தோடு படியாமல் நின்றால் கலவை கார்பரேட்டருக்கே திரும்பித் துப்பும், கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் லேசில் கிளம்பாது. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, இடுக்கில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முனை உடைந்த இதழோடு ஓட்டவே கூடாது. உடையும் எஃகுத்துண்டு நேராகக் கிராங்குக்குள் போகும்.

சைலன்சரைப் பலர் எஞ்சினோடு சேர்ப்பதில்லை. டூ-ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை அது சிலிண்டருக்குச் சமமான எஞ்சின் உறுப்பு. இதை அறிவியலாக நிறுவியவர் கிழக்கு ஜெர்மனியின் சோப்பௌ ஊரில் எம்.இசட். நிறுவனத்தில் வேலைபார்த்த வால்டர் காடன். புகைத்துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை குழாயில் ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது தலைகீழாகி உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பில் புதுக் கலவையும் கொஞ்சம் வெளியே வந்துவிடும். அதற்குள் முதல் அலையின் மிச்சம் குழாய் மீண்டும் ஒடுங்கும் இடத்தில் மோதி, இந்த முறை தள்ளும் அலையாகத் திரும்பிவந்து, வெளியே போன கலவையைத் துளை மூடுவதற்குச் சற்று முன் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது. 1950களில் ஆசிலாஸ்கோப் திரையில் இந்த அலைகளைப் பார்த்துப் பார்த்துக் குழாயைத் திருத்தினார் காடன். 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. சூப்பர்சார்ஜர் இல்லாமல் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற எல்லையை எட்டிய முதல் எஞ்சின் அது. அதே வருடம் சுவீடன் பந்தயத்துக்குப் போன அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பினார், இந்த அறிவும் அவரோடு ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. மறு வருடமே 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் சுசுகிக்கு. காடன் தன் நாட்டிலேயே தங்கிவிட்டார். அவர் வகுத்த வழியில்தான் அதன்பின் வந்த வேகமான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எல்லாம் நடந்தன.

ராஜ்தூத்துக்கு இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 6,750 சுற்றில் அது தன் முழுத்திறனைத் தருகிறது. அப்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவு. புகைத்துளை அதில் ஏறக்குறைய பாதி நேரம் திறந்திருக்கிறது. அலை போய்த் திரும்பிவர ஆயிரத்தில் நான்கு பங்கு நொடி என்று வைத்துக்கொள்வோம். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடுகிறது. ஆக, அலை கடக்கும் தூரம் 2 மீட்டர். ஒரு வழிக்கு 1 மீட்டர். துளையிலிருந்து அலை மோதித் திரும்பும் இடம் ஒரு மீட்டரை ஒட்டி இருந்தாக வேண்டும். அந்தக் குழாயை அரை அடி வெட்டினாலோ, பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் சைலன்சரை மாட்டினாலோ அலை தப்பான நேரத்தில் வந்து சேரும். சத்தம் கூடும், வேகம் குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடி மூல சைலன்சர் ஒன்று கிடைத்தால், நசுங்கி, துருவேறி, குரோம் உரிந்து இருந்தாலும் அதை விடக் கூடாது. புதிதாகச் செய்த பளபளப்பான நகலைவிட அது எஞ்சினுக்கு நல்லது. உள்ளே படிந்த கரியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து எடுக்கலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அலுமினிய பாகம் எதுவும் அதன் பக்கம் வரக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

இந்த வண்டியில் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கத் தேவையில்லை. ஆட்டோலூப் என்ற சிறு பம்பு தனி டேங்கிலிருந்து ஆயிலைச் சொட்டுச்சொட்டாக அனுப்புகிறது. எஞ்சின் வேகத்தோடும் ஆக்ஸிலரேட்டர் கேபிளோடும் இணைந்திருப்பதால் தேவைக்கேற்ப அளவு கூடிக் குறையும். ஆனால் நம் ஊரில் பல வண்டிகளில் அந்தப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பங்கிலேயே டூ-டி ஆயில் கலந்து ஊற்றும் பழக்கம் வந்தது. பம்பு நின்றுபோனால் எஞ்சின் போய்விடும் என்ற பயம்தான் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஊட்டி மலையிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மூடி எஞ்சின் பிடிப்பிலேயே வருகிறோம். சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும், மூடிய கார்பரேட்டர் வழியே பெட்ரோல் வராது, அதில் கலந்த ஆயிலும் வராது. மிக வேண்டிய நேரத்தில் பிஸ்டன் உலர்ந்து ஓடும். ஆட்டோலூப் அப்போதும் எஞ்சின் சுற்றுக்கேற்ப ஆயிலை அனுப்பிக்கொண்டிருக்கும். பம்பைத் திரும்பப் பொருத்தி, குழாயிலிருக்கும் காற்றுக்குமிழிகளை முழுதாக வெளியேற்றி, கேபிளைக் குறிக்கு நேர் நிறுத்த வேண்டும். குமிழி போனது உறுதியாகும்வரை மட்டும் டேங்கிலும் கொஞ்சம் ஆயில் கலந்துகொள்ளலாம்.

இக்னிஷனில் சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட், ஒரு கண்டன்சர், ஒரு காயில். பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது தீப்பொறி வர வேண்டும். பிளக் துளையில் டயல் கேஜை நட்டு இரண்டுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதைக் காதால் சரிபார்க்க முடியாது. பொறி முந்தினால் கலவை தாறுமாறாக வெடித்துப் பிஸ்டன் தலையை அரித்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே டேங்க், பெயிண்ட், குரோம். டேங்கின் உட்துருவை எடுக்க எளிய வழி, சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி வைப்பது. எடுத்ததும் சோடா உப்புக் கரைசலால் கழுவி, அன்றே உலர்த்தி, ஆயில் பூச வேண்டும். விட்டால் மறுநாளே துரு திரும்பும். வெளிப்பக்கத்தில் தொழிற்சாலைப் பெயிண்டும் கோடுகளும் ஓரளவு மிச்சமிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்து நிறம், பூச்சின் தடிமன், கோட்டின் அகலம் எல்லாவற்றுக்கும் மிஞ்சியிருக்கும் சாட்சி அதுதான். குரோம் என்று நாம் பார்ப்பது செம்பு, நிக்கல் அடுக்குகளின்மேல் ஒரு மைக்ரான்கூட இல்லாத மெல்லிய படலம். அதைப் பூசப் பயன்படும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவுக்குவியல் ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதைத் தமிழ்நாடு அறியும். மூலத்தில் குரோம் இருந்த பாகங்களுக்கு மட்டும், கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறையில் கொடுத்துப் பூசினால் போதும். கண்ணில் படும் போல்ட்டுக்கெல்லாம் குரோம் ஏற்றுவது வண்டிக்கும் நல்லதல்ல, ஊருக்கும் நல்லதல்ல.

டூ-ஸ்ட்ரோக்கை ஏன் சாலையிலிருந்து விலக்கினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புகையைத் தள்ளும் வேலையைப் புதுக் கலவையே செய்வதால் அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறிவிடுகிறது. பழைய எஞ்சின்களில் இது நாலில் ஒரு பங்கைத் தாண்டுவதும் உண்டு. எரியாத ஹைட்ரோகார்பனும் ஆயில் புகையும் நகரத்துக் காற்றில் கலந்தன. 1996இலும் 2000இலும் இந்தியாவில் விதிகள் இறுகியபோது இவ்வகை எஞ்சின் தாக்குப்பிடிக்க வழியில்லாமல் போனது, அந்த விதிகள் தேவையாகவே இருந்தன. மிஞ்சியிருக்கும் சில வண்டிகளைச் சீல் கசியாமல், அலை சரியான நேரத்தில் திரும்பிவரும்படி, ஆயில் அளவாகச் சொட்டும்படி வைத்திருந்தால் அவை விடும் புகை, பாதி வேலையோடு ஓடும் அதே வண்டி விடுவதில் ஒரு பகுதிதான் இருக்கும்.

இன்றைக்குப் புதிதாக வந்திருக்கும் சிக்கல் பெட்ரோல். பங்குகளில் இப்போது கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலுக்குக் காற்று குறைவாக வேண்டும், அல்லது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். 1983இல் வெட்டிய கார்பரேட்டர் ஜெட்டுக்கு இது தெரியாது. அது பழைய அளவையே விடும், கலவை மெலியும். இடது சீல் கசிந்தால் என்ன நடக்குமோ அதுவே சிறிய அளவில் நடக்கும். மெயின் ஜெட்டை ஒரு படி, சில சமயம் இரண்டு படி பெரிதாக்க வேண்டியிருக்கும். சரியா என்று அறிய, நல்ல நேர்ச்சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அங்கேயே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் இன்னும் பெரிய ஜெட். கருத்து நனைந்திருந்தால் ஒரு படி இறங்கலாம். இதைப் புது போர் பழகிய பிறகு, சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியபின் செய்ய வேண்டும்.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பெட்ரோல் டேப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர்க் குழாயும் டேப் வாஷரும் அதில் ஊறி உப்பும், அவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட வேண்டும். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கார்பரேட்டர் கிண்ணம் காலியாகி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் ஊற்றி, கிக்கரைக் கையால் நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள். கிராங்கின் பேரிங்குகள் ஆயிலில் மூழ்கியிருப்பவை அல்ல. ஓடும்போது கலவையோடு வரும் படலம் மட்டுமே அவற்றுக்குக் காப்பு, நிறுத்தி வைத்திருக்கும் மாதங்களில் துருப்பிடிப்பது அங்கேதான்.